மனநல ஓ.பி.க்கு முதல் தடவை துணைக்குப் போகிறீர்களா? தற்கொலை எண்ணம் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

“தூக்கம் எப்படி இருக்கு?”

“பரவாயில்ல சார்.”

“சாப்பாடு?”

“சாப்பிடுறேன் சார்.”

“வேற ஏதாவது தொந்தரவு?”

“இல்ல சார்.”

டாக்டர் பழைய மாத்திரையையே திரும்ப எழுதி, அடுத்த மாதத் தேதி போட்டுக் கொடுத்தார். மொத்தம் மூன்று நிமிஷம் இருக்கும். மருந்து கவுண்டர் வரிசையில் நிற்கும்போதுதான் தம்பி சொன்னான்: “அக்கா, ராத்திரி படுத்தா காலையில எந்திரிக்காமலே போயிடணும்னு இருக்கு.” டோக்கன் நம்பர் தாண்டிவிடுமோ என்ற பதற்றத்தில் இருந்த நான், “அப்படியெல்லாம் பேசாதடா” என்றேன். பேசவில்லை. அப்புறம் ஆறு மாதம் அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒன்பது வருஷம் ஆகிறது. தம்பி இன்று ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான், மாத்திரை தொடர்கிறது, என்னைவிட நிம்மதியாகத் தூங்குகிறான். நான் டாக்டர் இல்லை. இத்தனை வருஷம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டு, படித்து, தப்பு செய்து தெரிந்துகொண்டதை, இப்போதுதான் ஓ.பி. சீட்டு வாங்கியிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். சீட்டு உங்கள் பெயரிலேயே இருந்தால் உங்களுக்கும் இது பொருந்தும். வாசிக்கும் இந்த நேரத்திலேயே மனசு அந்தப் பக்கம் இழுக்கிறது என்றால், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். 14416-க்கு இப்போதே போன் போடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் வேலை: பட்டியலை ஜாதகம் மாதிரி பார்க்காமல் இருப்பது

தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் காரணங்கள் என்று எங்கே தேடினாலும் நீளமாக ஒரு பட்டியல் கிடைக்கும். நான் முதலில் படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை. பாதிக்கு மேல் தம்பிக்குப் பொருந்தியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஆரோன் பெக்கின் குழு, மனநல வெளிநோயாளிகள் 6,891 பேரை இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அத்தனை பேரில் தற்கொலையால் இறந்தவர்கள் 49 பேர், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இறந்தவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவை தற்கொலை எண்ணம், கடுமையான மனச்சோர்வு, பைபோலார் நோய் (மனசு அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது), வேலையில்லாமை. ஆனால் இவற்றைச் சுமந்துகொண்டே வாழ்ந்தவர்கள்தான் பெரும்பாலோர். இன்னொரு பக்கம், ஐம்பது வருஷத்து ஆய்வுகள் 365-ஐ ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு தொகுப்பு வந்தது. காரணிகளை வைத்து யார் முயல்வார் என்று கணிப்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அது சொன்னது.

அப்படியென்றால் பட்டியல் எதற்கு? அதில் சில, இன்றைக்கே மாற்றக்கூடியவை. சில, டாக்டருக்குத் தெரிந்தால் மருந்தே மாறும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் மாற்ற முடியாதவை, பின்பக்கத்திலிருந்து மாறிக்கொண்டே இருப்பவை. உங்கள் வேலை முக்கால்வாசி பின்பக்கத்தில்தான்.

முன்பக்கத்தில் எழுத வேண்டியவை

முன்பு ஒரு முறை முயன்றிருந்தால் அதுதான் முதல் வரி. இருப்பதிலேயே கனமான காரணி அதுதான். வருஷக்கணக்கு ஆகியிருந்தாலும் எழுதுங்கள். நம் வீடுகளில் இதைத்தான் முதலில் மறைப்போம். பத்திரிகையில் தற்கொலைச் செய்தியோடு வரும் ‘தீராத வயிற்றுவலி’ எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே வயிற்றுவலியை டாக்டரிடமும் சொல்லிவிட்டு வருகிறோம். அவர் அதை நம்பித்தானே மருந்து எழுத வேண்டியிருக்கிறது.

ரத்த உறவில் யாராவது அப்படி இறந்திருக்கிறார்களா, சின்ன வயதில் அடி உதையோ பாலியல் கொடுமையோ நடந்ததா, என்ன நோய் என்று சொன்னார்கள், எந்த வயதில் ஆரம்பித்தது. இவ்வளவு போதும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் மட்டும் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரல்களும் சந்தேகமும் அடங்கி, ஆள் தெளிந்துவிட்டான் என்று வீடு மூச்சு விடும் நேரம்தான் சிலருக்குக் கஷ்டமான நேரம். ‘எனக்கு என்ன ஆச்சு, எத்தனை வருஷம் போச்சு, கூடப் படிச்சவன் எங்க இருக்கான்’ என்பதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். தம்பி மருந்து கவுண்டரில் அதைச் சொன்னதும் அப்படி ஒரு ‘நல்லா இருந்த’ மாதத்தில்தான்.

பின்பக்கம்: மாறிக்கொண்டிருப்பவை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் காலம். வார்டில் சேர்த்து வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் முதல் வாரமும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களும் ஆபத்து கூடிய காலம். டிஸ்சார்ஜ் ஆனதும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், நாமும் விட்ட வேலையைப் பார்க்க ஓடுவோம். ஆள் தனியாக இருப்பது அப்போதுதான். டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் ஒரு ரிவ்யூ கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, மாத்திரை தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் சில வாரங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை பிடிக்கும். முதலில் உடம்பில் தெம்பு வந்து, மனசு தெளியச் சில நாள் கூட ஆவதும் உண்டு. சின்ன வயதுக்காரர்களுக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-ல் எச்சரிக்கை போட வைத்தது, 2007-ல் அதை 24 வயது வரைக்கும் நீட்டியது. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். மனச்சோர்வை வைத்தியம் பார்க்காமல் விடுவது அதைவிட மோசம். அந்த முதல் வாரங்களில் கூடவே இருங்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

மூன்றாவது, மாத்திரையை நிறுத்துவது. நம் ஊரில் இதற்கென்றே சீசன் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் மாத்திரை கிடையாது. ரமலான் நோன்பு வந்தால் கிடையாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாத்திரை டப்பா பரணுக்குப் போய்விடும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் நோய் திரும்பி, புது வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்களை அந்த பெஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன். விரதமோ நோன்போ இருக்கப் போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் வேளையை மாற்றிக் கொடுக்க முடியும். லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருப்பதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும். அது ரத்தத்தில் அளவு கூடினால் தொந்தரவு. பைபோலார் நோயில் தற்கொலையைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள மருந்தும் அதுதான், சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்தும் அதுதான்.

இனி, வீட்டிலிருந்தே கவனிக்கக் கூடியவை. தூக்கம் போனால் முதல் நாளே எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாள் விடிய விடிய முழித்திருந்தால் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். ‘சாகு’ என்று குரல் கட்டளை போடுவதாகச் சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். சில மருந்துகளால் ஒரு இடத்தில் உட்கார முடியாமல், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே ஏதோ அரிப்பது மாதிரி இருக்கும் என்று தம்பி சொல்வான். ‘திமிரு, உட்காருடா’ என்று அதட்டியிருக்கிறோம். அது மருந்தின் பக்கவிளைவு, டாக்டரிடம் சொன்னால் சரிசெய்ய முடியும், சொல்லாவிட்டால் அந்தத் தவிப்பே ஆளை விளிம்புக்குத் தள்ளும்.

குடி. எண்ணம் ஏற்கெனவே இருப்பவரிடம் குடி சேர்ந்தால், யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம் காணாமல் போய்விடுகிறது. திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு ஆடிப்போகும், அதையும் வைத்தியத்தோடுதான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் வாழ்க்கை. வேலை போனது, ஆன்லைன் கடன் ஆப், தேர்வு முடிவு வரும் வாரம், நிச்சயம் நின்றுபோனது, தீராத உடல்வலி, வீட்டுக்குள் அடிக்கிற புருஷன். கடைசியாகச் சொன்னதை ஒரு பெண் கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடமும் சொல்ல மாட்டாள். தனியாகப் பேச வாய்ப்பு கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று ஓடுகிறது. இனி எதுவும் சரியாகாது என்ற நினைப்பு. பெக் அதற்கென்றே ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். வெளிநோயாளிகள் 1,958 பேரிடம் அதைக் கொடுத்துப் பார்த்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், பிற்பாடு தற்கொலையால் இறந்த 17 பேரில் 16 பேர் ஏற்கெனவே அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அதே மதிப்பெண் வாங்கி உயிரோடு இருப்பவர்கள் ஏராளம் என்பதையும் மறக்கக் கூடாது. தமிழில் அந்த நினைப்பு கேள்வித்தாளில் வராது. ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்’, ‘உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்’, ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்று சோறு போடும்போது வரும். வந்த வார்த்தையை அப்படியே, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நம் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது வேலை: கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. பலருக்குச் சொல்லிவிட்ட ஆறுதல்தான் கிடைக்கிறது. ஓ.பி.யில் சில இடங்களில் நிரப்பக் கொடுக்கும் ஒன்பது கேள்விப் படிவத்திலும் கடைசிக் கேள்வி இதுதான்: கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா? அதைப் பேனா வாங்கிக்கொண்டு நீங்கள் நிரப்பாதீர்கள்.

எதிரே உட்கார்ந்து விசாரணை மாதிரி கேட்டால் பதில் வராது. நானும் தம்பியும் பேசியதெல்லாம் வண்டியில் போகும்போது, இல்லை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. ‘தப்பான முடிவு எடுக்க மாட்டல்ல?’ என்று கேட்பது கேள்வியே இல்லை, ‘இல்லை’ என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுவது. நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” தோணுது என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா, இன்றைக்கே செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா என்று அடுத்தது. ‘எந்திரிக்காமலே போயிடணும்’ என்பதற்கும், வழியும் நேரமும் யோசித்து வைத்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகை என்றால் கீழே சொல்லியிருக்கும் அவசர வேலைக்கு நேராகப் போய்விடுங்கள்.

பதில் வந்ததும் நீங்கள் செய்யக் கூடாதது, நான் செய்ததுதான். “அம்மாவ நினைச்சுப் பாத்தியா” என்பதும் வேண்டாம், பாரம் என்று நினைப்பவன் தலையில் இன்னொரு பாரம் அது. “சொன்னியே, அது போதும். எப்பல இருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். கஷ்டம்தான்.

மூன்றாவது வேலை: அந்த மூன்று நிமிஷம்

அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் கூட்டம் எப்படி என்று தெரியும், அங்கே டாக்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. முதல் நாள் ராத்திரியே நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான்கு வரி ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். எண்ணம் பற்றியதுதான் முதல் வரி, தூக்கமும் மலச்சிக்கலும் அப்புறம். நான் எழுதிய ஒன்று: ‘3 வாரமா சாகணும்னு சொல்றான். திட்டம் இல்லன்னு சொல்றான். 4 நாளா தூக்கம் இல்ல. கால் நிக்காம நடக்கிறான், புது மாத்திரைக்கு அப்புறம்.’ இதை ஓ.பி. நோட்டுக்குள் வைத்து டாக்டர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு எங்களுக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தது, ஒரு மாத்திரை மாறியது.

தாள் கொடுக்கப் போவதை நோயாளியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் கோள் சொன்ன மாதிரி ஆனால் அடுத்த தடவை உங்களிடமும் சொல்ல மாட்டார்கள். நாமும் சில நிமிஷம் வெளியே இருந்து, அவர்களைத் தனியாகப் பேச விட வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. எண்ணம் இருப்பதைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயன்றவருக்கும் 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது: வேறு மாதிரி நிரூபிக்காதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு வைத்தியம் பார்க்க வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவே இல்லை.

நான்காவது வேலை: வீட்டை ஒழுங்கு பண்ணுவது

தீவிரமான அந்த எண்ணம் அலை மாதிரி, ஏறும், இறங்கும். ஏறுகிற அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களில் படிப்படியாகத் தடை செய்தபின் தற்கொலைகள் பாதிக்கும் கீழே வந்தன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முயற்சி நடந்தது. உங்களுக்கு வயல் இருந்தால் அந்த மருந்து இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும், பக்கத்து வீட்டுக் கொட்டகையாக இருந்தாலும் சரி.

ஓ.பி.யில் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகத்தான் கொடுப்பார்கள். அதைப் பூட்டி, சாவியை ஒருவர் வைத்துக்கொண்டு அன்றன்றைக்குக் கொடுங்கள். நிலைமை மோசமாக இருந்தால் வாராவாரம் வாங்கிக்கொள்ளும்படி எழுதித்தர டாக்டரிடம் கேட்கலாம். பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் அதே பெட்டியில் வையுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். “உன்ன நம்பாம இல்ல, அந்த ஒரு மணி நேரத்த நம்பல” என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

ஐந்தாவது: ஒரு பக்கத் திட்டம்

பெக் குழுவின் அந்த 2000-ம் வருஷ ஆய்வில் இருந்த கிரிகரி பிரவுனும், பார்பரா ஸ்டான்லியும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் உருவாக்கினார்கள். ஒரே ஒரு தாள். மனசு நன்றாக இருக்கும் நாளில், நோயாளி தன் கையால், தன் வார்த்தையில் எழுத வேண்டும். எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அடையாளம் என்ன, தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணிகிறது, யார் இருக்கும் இடத்துக்குப் போகலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த டாக்டர், எந்த நம்பர், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும்.

தம்பி தாளில் முதல் வரி ‘போனைத் தலகாணிக்கு அடியில கவுத்து வைப்பேன்’ என்று இருந்தது. ஒன்பது வருஷம் அவனோடு ஒரே வீட்டில் இருந்தாலும் நாங்கள் அதை ஓர் அடையாளமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். இரண்டாவதில் ‘முருகன் கோயில் படி ஏறி இறங்குறது’ என்று எழுதியிருந்தான். தாளைப் போட்டோ எடுத்து எங்கள் இரண்டு பேர் போனிலும் வைத்திருக்கிறோம்.

அவசரம் என்றால்

திட்டம் வைத்திருக்கிறார், குரல் கட்டளை போடுகிறது, தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்கிறார் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள், கழிப்பறைக் கதவுக்கும் தாழ்ப்பாள் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது அவசரப் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். இரவில் மனநல டாக்டர் இல்லாவிட்டாலும், அவசர சிகிச்சையைப் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் தொடங்கலாம் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. பழைய ஓ.பி. நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச ஆள் வேண்டும் என்றால் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, அல்லது டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா, 044-24640050. மூன்றிலும் துணைக்கு இருப்பவரும் பேசலாம். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு நான் எனக்காகவே பேசியிருக்கிறேன்.

ரிவ்யூ தவறினால்

‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வரணும்’ என்று ஒரு மாதம் வரும். சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அதற்காகத் தேதியை விட்டுவிடவும் செய்யாதீர்கள். நோட்டையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். ஆள் வராமல் மாத்திரை தருவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், வராததற்கான காரணம் மட்டும் அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். நான் அப்படி இரண்டு தடவை தனியாகப் போனேன். மூன்றாவது தடவை தம்பி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான், “நீ ஒழுங்கா சொல்ல மாட்ட, நானே வர்றேன்” என்று.